நாரிநோவும் விற்றமின் டியும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. நாரிநோ, அதோடு விற்றமின் டி குறைவு என்ற இரத்தப் பரிசோதனை முடிவு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒன்றுக்கொன்று வேறுபட்டவற்றுக்குப் பதில் தருகிறோம்.

கேள்வி (ஆசிரியை, 44 வயது, கோண்டாவில்): இரண்டு வருடமாக நாரிநோ. எக்ஸ்றேயில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். போன மாதம் எடுத்த பரிசோதனையில் விற்றமின் டி 14 என்று வந்திருக்கிறது. அதுதான் காரணம், குளிசை போட்டால் நோ மாறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: முதலில் அந்த 14க்குப் பக்கத்தில் என்ன அலகு அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்றும், சில லீற்றருக்கு நனோமோல் என்றும் தருகின்றன. மில்லிலீற்றருக்கு ஒரு நனோகிராம் என்பது லீற்றருக்கு இரண்டரை நனோமோல். ஆகவே 14 நனோகிராம் என்றால் 35 நனோமோல். அது குறைவு, ஆனால் மிக மோசமில்லை. 14 நனோமோல் என்றால் ஆறுக்கும் குறைந்த நனோகிராம். அது எலும்பையே பாதிக்கும் நிலை. இலக்கம் ஒன்றாக இருந்தாலும் கதை வேறு. பொதுவாக 20 நனோகிராமுக்கு மேல் எலும்புக்குப் போதும் என்றும், 12க்குக் கீழ் பற்றாக்குறை என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

தலைமுடிக்கென்று பயோட்டின் குளிசை எடுக்கிறீர்களா? சில பரிசோதனை முறைகளில் அது விற்றமின் டியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அடுத்த தடவை இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் 14 நனோகிராம்தான் என்றால், விற்றமின் டி எடுக்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு வருட நோவுக்கு அதுதான் காரணம் என்று அந்த இலக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்த நம்பிக்கை பரவ ஒரு காரணம், 2003இல் சவூதி அரேபியாவில் இருந்து வெளியான ஓர் ஆய்வு. நாள்பட்ட நாரிநோ உள்ள 360 பேரைப் பரிசோதித்ததில் 83 வீதமானோருக்கு விற்றமின் டி குறைவாக இருந்தது. மருந்து கொடுத்ததும் குறைவாக இருந்தவர்களுக்கு நோ தணிந்தது. ஆனால் மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு அதில் இருக்கவில்லை. நாரிநோ தானாகவே கூடிக் குறையும் ஒன்று. மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் மனிதர் வைத்தியரிடம் போகிறார். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பின்னாளில் ஒரு பகுதியினருக்கு விற்றமின் டியும் மற்றப் பகுதியினருக்குப் போலிக் குளிசையும் கொடுத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாரிநோவில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் நாரிநோக்காரருக்கு ஏன் அடிக்கடி விற்றமின் டி குறைவாக இருக்கிறது? நோ உள்ளவர் வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறார், வெயில் படுவதில்லை. உடம்பில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு தானாகவும் இறங்கும். உடல் பருமனாக இருந்தாலும் குறைவாகவே காட்டும். பருமன் தனியே நாரிநோவையும் கொண்டு வரும். வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நாளைக் கழிக்கிற, நோவே இல்லாத பலரைப் பிடித்துப் பரிசோதித்தாலும் 14 வரலாம்.

உண்மையாகவே விற்றமின் டி குறைவால் வரும் நோ ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஒஸ்ரியோமலேசியா, எலும்பு மென்மையாகும் நோய். அது நாரியில் ஓர் இடத்தில் மட்டும் பிடிக்காது. நாரி, இடுப்பெலும்பு, தொடை, விலா எல்லாம் சேர்ந்து உளையும். கணுக்காலுக்கு மேலே முன்பக்க எலும்பைப் பெருவிரலால் அழுத்தினால் நோகும். தொடைத் தசை பலமிழக்கும். பாயில் இருந்து கையூன்றாமல் எழும்ப முடியாது, படி ஏற மற்றவரின் தோள் தேவைப்படும், நடை இரு பக்கமும் ஆடும். இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பரேஸ் என்ற நொதி கூடியிருக்கும், கல்சியமோ பொஸ்பேற்றோ குறைந்திருக்கும். அது இருப்பவருக்கு விற்றமின் டி கொடுத்தால் சில வாரங்களில் தசை பலம் திரும்பும், எலும்பு நோ சில மாதங்களில் அடங்கும். வலிப்புக்கு பெனிற்றோயின், காபமசபைன் போன்றவற்றையோ காசநோய்க்கு றிபம்பிசினையோ நீண்ட காலம் எடுப்பவர்களிடம் இதைக் கட்டாயம் தேட வேண்டும். அந்த மருந்துகள் விற்றமின் டியை வேகமாகச் சிதைத்துவிடும்.

உங்களுக்கு ஒரு சோதனை: கதிரையில் இருந்து கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருங்கள். சிரமமில்லாமல் முடிந்தால், உடம்பின் வேறெந்த எலும்பும் நோகவில்லை என்றால், உங்கள் நாரிநோ பெரும்பாலும் தசை, மூட்டு, இருப்பு, நிற்பு சம்பந்தமானது. டி குளிசையைப் போடுங்கள். ஆனால் நாரிக்கான வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரு நாளில் மூன்று தரம் பத்து நிமிட நடை. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து இடுப்பைத் தூக்கி ஐந்து விநாடி பிடிப்பது, பத்துத் தரம். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது ஒரு காலைத் தாழ்ந்த பலகை ஒன்றில் மாறி மாறி வைப்பது. திருவலையில் குனிந்திருந்து தேங்காய் திருவுவதை விட்டு, மேசை விளிம்பில் பூட்டும் திருவலைக்கு மாறுவதும் உதவும். நாரிநோவுக்குப் படுத்தே கிடப்பது கூடாது. ஓரிரு நாளுக்கு மேல் படுத்தால் நோ நீளும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், சுன்னாகம்): காலை ஆறரைக்கு முற்றத்தில் நின்று இளவெயில் காய்கிறேன். ஒரு வருடமாகியும் விற்றமின் டி ஏறவில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் இது எப்படி?

பதில்: வெயிலில் குறை இல்லை, நேரம்தான் பிழை. தோலில் விற்றமின் டி உண்டாக வேண்டியது புறஊதாக் கதிரின் ஒரு குறுகிய பகுதி மட்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் வளிமண்டலத்தில் நீண்ட தூரம் சரிந்து வந்து, நிலத்தை அடையமுன் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். வெளிச்சமும் சூடும் வரும், வேண்டியது வராது. காலை ஆறரை வெயில் உற்சாகத்துக்கும் நித்திரைக்கும் நல்லது. விற்றமின் டிக்கு அதனால் பிரயோசனம் இல்லை என்றே சொல்லலாம்.

கணக்கு எளிது. உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக விழுந்தால் விற்றமின் டி தேறாது. நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாகவோ கட்டையாகவோ இருக்க வேண்டும். ஏறக்குறைய 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தில், பங்குனி, புரட்டாதி மாதங்களில் காலை ஒன்பதேகால் முதல் பிற்பகல் மூன்று மணிவரை இது பொருந்தும். மார்கழியில் பத்து மணி முதல் இரண்டு மணிவரைதான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். நிழல் காலடியில் சுருங்கிவிடும்.

அதற்காகச் சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். உங்கள் வயதில் மயக்கம் போட்டு விழுந்தால் இடுப்பெலும்பு உடையும். அந்த மாதங்களில் ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில் போதும். பனிக்காலத்தில் பதினொரு மணியளவில் நில்லுங்கள். முகத்துக்குத் தொப்பி போடலாம். முகத்தோல் சிறிய பரப்பு, சுருக்கமும் கரும்புள்ளியும் முதலில் வருவதும் அங்குதான். கைகளும் முழங்காலுக்குக் கீழும், முடிந்தால் முதுகும் வெயிலில் படட்டும். நம் நிறத் தோலுக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் அரைமணி. வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்ட பத்து நிமிடக் கணக்கு நமக்குப் பொருந்தாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதே கதிரைத்தான் தடுக்கிறது.

யன்னல் கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் அந்தக் கதிர் வராது. விறாந்தை நிழலில் மிகக் குறைவு. எழுபதை அண்டும் வயதில் தோல் செய்யும் விற்றமின் டி, இருபது வயதுத் தோல் செய்வதில் மூன்றிலொன்றோ கால்வாசியோதான். ஆகவே நேரத்தை மாற்றி மூன்று மாதத்தின் பின்னும் ஏறாவிட்டால் வெயிலோடு போராட வேண்டாம். நாளுக்கு 800 அலகுக் குளிசை மலிவான வழி.

கேள்வி (தோட்டக்காரர், நீர்வேலி): வெங்காயத் தோட்டத்தில் காலையில் இருந்து மாலைவரை வெயிலில்தான் நிற்கிறேன். எனக்கும் நாரிநோ. விற்றமின் டி பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கையும் காலும் திறந்தபடி வெயிலில் வேலை செய்பவருக்கு அந்தக் காசு வீண். உங்கள் நாரியைக் கெடுப்பது வேலையின் விதம். களை பிடுங்கும்போது நின்ற நிலையில் இடுப்பை மட்டும் மடித்து மணிக்கணக்கில் இருப்பதைவிட, குந்தியிருந்தோ ஒரு முழங்காலை ஊன்றியோ செய்யுங்கள். அரைமணிக்கு ஒருதரம் எழும்பி நாரியில் இரு கையையும் வைத்துப் பின்னால் ஐந்து தரம் சாயுங்கள். மருந்தடிக்கும் 16 லீற்றர் மிசின் நிறைந்தால் இருபது கிலோ அளவு வரும். அதை நிலத்தில் இருந்து ஒரு தோளில் இழுத்துப் போடும் அந்த நொடியில்தான் பலருக்குப் பிடிக்கிறது. மதில் உயரத்தில் வைத்து நிரப்பி, அங்கேயே இரண்டு பட்டியையும் மாட்டிக்கொண்டு நிமிருங்கள். பாதி நிரப்பி இரண்டு நடை போவதில் தப்பில்லை. நோ முழங்காலுக்குக் கீழே இறங்கி, பெருவிரல் மரத்தால் ஒருதரம் காட்டுங்கள். சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, மலவாசலைச் சுற்றி மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவு என்றாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

கேள்வி (வாசகி, சாவகச்சேரி): அப்பாவுக்கு 50,000 அலகுக் குளிசை வாரத்துக்கு ஒன்று எழுதினார்கள். அவர் தெரியாமல் தினமும் ஒன்றாகப் பன்னிரண்டு நாள் போட்டுவிட்டார். என்ன செய்வது?

பதில்: உடனே நிறுத்துங்கள். கல்சியம் குளிசை சேர்த்து எடுத்தால் அதையும் நிறுத்துங்கள். பன்னிரண்டு நாளில் 6 இலட்சம் அலகு உள்ளே போயிருக்கிறது. இதனால் எல்லோருக்கும் நஞ்சேறும் என்றில்லை. ஆனால் விற்றமின் டி கொழுப்பில் தங்கும். இரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும். இந்த வாரத்துக்குள் இரத்தத்தில் கல்சியமும், சிறுநீரகம் வேலைசெய்யும் அளவைக் காட்டும் கிரியற்றினினும் பார்க்க வேண்டும், இரண்டு வாரத்தில் மீண்டும் ஒருதரம். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், ஓங்காளம், தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் பரிசோதனைக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் எடுக்கிறாரா என்றும் சொல்லுங்கள். அது சிறுநீரில் கல்சியம் போவதைக் குறைப்பதால் ஆபத்தைக் கூட்டும்.

இந்தப் பிழை எங்கும் நடப்பதுதான். வீட்டில் மற்றக் குளிசை எல்லாம் தினமும், இது மட்டும் வாரத்துக்கு ஒன்று. ஒரு நாளைக் குறித்துவையுங்கள், ஞாயிறு மதியம் என்பது போல. கலண்டரில் அந்த நாளில் புள்ளடி போடுங்கள், அட்டையை மற்றக் குளிசைகளோடு வைக்காதீர்கள். வழக்கமான முறை வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரம். பிறகு நாளுக்கு 800 முதல் 2000 அலகு. எண்ணெயோ பாலோ தேங்காய்ப்பாலோ உள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாக உறிஞ்சும். வெறும் வயிற்றில் பிளேன்ரீயோடு போட்டால் குறைவாகவே உறிஞ்சும். முன்னேற்றத்தைப் பார்க்கும் பரிசோதனை மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம், அளவு அதுவரை நிலைகொள்ளாது.

வருடத்துக்கு ஒரே ஊசியாகப் போட்டால் தொல்லை விட்டது என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து: 2010இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒருதரம் 5 இலட்சம் அலகு வாயால் கொடுத்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, கூடின.

கேள்வி (வாசகர், பருத்தித்துறை): பார்மசியில் விற்றமின் டி கேட்டேன், அல்பாகல்சிடோல் 0.25 தந்தார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. விற்றமின் டி3 ஈரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாறித்தான் வேலைசெய்யும் நிலைக்கு வரும். அல்பாகல்சிடோல் சிறுநீரகப் படியைத் தாண்டிய வடிவம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பரதைரொயிட் சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கும் உரியது. சாதாரணப் பற்றாக்குறைக்கு அதைப் போட்டால் உங்கள் பரிசோதனை இலக்கம் ஏறாது, உடம்பின் சேமிப்பும் நிரம்பாது, கல்சியம் மட்டும் அளவுக்கு மிஞ்சி ஏறக்கூடும். அட்டையில் "கோலிகல்சிபெரோல்" (டி3இன் பெயர்) என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குச் சிறுநீரக நோய் இருந்து வைத்தியர்தான் அல்பாகல்சிடோல் எழுதினார் என்றால் இதை வாசித்துவிட்டு மாற்றாதீர்கள்.

கேள்வி (இல்லத்தரசி, நல்லூர்): நாங்கள் சுத்த சைவம். கிணற்றுத் தண்ணீரில் கேத்தில் முழுக்கச் சுண்ணாம்பு படிகிறது. அந்தக் கல்சியம் போதாதா? விற்றமின் டி மரக்கறியில் எதில் இருக்கிறது?

பதில்: கேத்திலில் படிவது கல்சியம் காபனேற்றுத்தான். நமது நிலத்தடி சுண்ணக்கல். லீற்றருக்கு 250 மில்லிகிராம் கடினத்தன்மை (கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டது) உள்ள தண்ணீரில், அது முழுக்கக் கல்சியத்தால் என்று வைத்தால், 100 மில்லிகிராம் கல்சியம் உண்டு. இரண்டு லீற்றர் குடித்தால் 200. உங்களுக்கு நாளுக்கு வேண்டியது 1000. கொதிக்கவைத்தால் ஒரு பகுதி கேத்திலிலேயே தங்கிவிடும். தயிர், எள்ளு, கேழ்வரகு, முருங்கையிலை மிச்சத்தை நிரப்ப உதவும்.

ஆனால் இது எல்லாம் கல்சியம். விற்றமின் டி வேறு. அது போதியளவு இல்லாவிட்டால் சாப்பிட்ட கல்சியத்தில் 10 முதல் 15 வீதம்தான் குடலால் உள்ளே எடுக்கப்படும். இருந்தால் 30 முதல் 40 வீதம். மரக்கறியில், கீரையில் விற்றமின் டி இல்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சூடை, சாளை, கும்பளா போன்ற எண்ணெய் மீன் உதவும். எண்ணெயில் அடைத்த சாளை 100 கிராமில் ஏறக்குறைய 190 அலகு. முட்டை மஞ்சள் ஒன்றில் 40 அளவுதான். உங்களுக்கு வழி வெயில், விற்றமின் டி சேர்த்த பால்மா, குளிசை இவை மூன்றும்தான். காளானை வெட்டி நண்பகல் வெயிலில் வைத்தால் அதில் விற்றமின் டியின் இன்னொரு வடிவமான டி2 உண்டாகும் என்பது உண்மை. எவ்வளவு என்று வீட்டில் அளக்க முடியாது.

குளிசையிலும் ஒரு சங்கடம் உண்டு. டி3 பெரும்பாலும் செம்மறி மயிரில் இருந்து எடுக்கும் கொழுப்பில் இருந்து செய்யப்படுகிறது. அதற்காக ஆட்டைக் கொல்வதில்லை. கப்சூலின் மென்மையான உறைதான் பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் ஜெலற்றின். சுத்த சைவம் என்றால் உறையில்லாத வில்லையாகவோ சொட்டு மருந்தாகவோ கேளுங்கள். டி2 என்றால் அது மதுவத்தில் இருந்து வருவது.

கேள்வி (வாசகர், மானிப்பாய்): லண்டனில் இருந்து மகள் 125 மைக்ரோகிராம் டி3 போத்தல் அனுப்பியிருக்கிறாள். தினமும் போடலாமா?

பதில்: ஒரு மைக்ரோகிராம் 40 அலகு. ஆகவே 125 என்பது 5000 அலகு. வைத்தியர் பார்வையில்லாமல் நாளுக்கு 4000ஐத் தாண்ட வேண்டாம். பரிசோதனையில் குறைவு இருந்தால் வைத்தியரிடம் காட்டி மூன்று மாதம் எடுத்துவிட்டு மீண்டும் பார்க்கலாம். குறைவே இல்லையென்றால் வாரத்துக்கு ஒன்று போதும், அது நாளுக்கு 700 அலகுக்குச் சரி. கல்சியம் குளிசையிலும் பல்விற்றமினிலும் ஏற்கெனவே டி கலந்திருக்கும், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் தொடங்கமுன் கேளுங்கள். நலமாக இருப்பவர்கள் சும்மா சும்மா இந்தப் பரிசோதனை செய்யத் தேவையில்லை என்று அமெரிக்காவின் அகஞ்சுரப்பியல் சங்கமே 2024இல் சொல்லிவிட்டது.

கேள்வி (வாசகி, கரவெட்டி): அம்மாவுக்கு 71 வயது. கிணற்றடியில் வாளி தூக்கியபோது முதுகில் சுள்ளென்று பிடித்தது. பத்து நாளாகத் திரும்பிப் படுக்க முடியவில்லை. எண்ணெய் பூசி உருவச் சொல்கிறார்கள். விற்றமின் டி ஊசி போட்டால் மாறுமா?

பதில்: உருவ வேண்டாம். அழுத்தவோ இழுக்கவோ யாரிடமும் கொடுக்க வேண்டாம், முறிவு நெரிவு வைத்தியரிடமும் எக்ஸ்றே பார்க்கமுன் போக வேண்டாம். இந்த வயதில், சிறு பாரம் தூக்கித் திடீரென்று வந்த நோ, எலும்பு தேய்ந்த முள்ளந்தண்டு ஒன்று நசிந்ததாக இருக்கக்கூடும். பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்றேயில் அது தெரியும். அம்மாவின் உயரம் முன்னரைவிடக் குறைந்திருக்கிறதா, மேல்முதுகு கூனியிருக்கிறதா என்றும் பாருங்கள். நசிவு என்று உறுதியானால் தேவைப்படுவது எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து. விற்றமின் டியும் கல்சியமும் அதற்குத் துணைதான், அவை மட்டும் போதாது. அந்த மருந்தைத் தொடங்கமுன் விற்றமின் டி குறைவைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் இரத்தத்தில் கல்சியம் விழுந்துவிடலாம். கல்சியம் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். தைரொட்சின் எடுப்பவர் என்றால் இரண்டுக்கும் இடையே நான்கு மணிநேரம் விடுங்கள். காய்ச்சல், மெலிவு, முன்பு வந்த புற்றுநோய், இரவில் கூடும் நோ இவற்றில் எதுவும் இருந்தால் அதையும் வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். முள்ளந்தண்டுக் காசநோயும் காய்ச்சல், மெலிவு, இரவு நோ என்று தொடங்கலாம்.

கேள்வி (தாய், உரும்பிராய்): மகனுக்கு 24 வயது. ஆறு மாதமாக நாரிநோ. விடியப்புறம் நோவில் எழும்பிவிடுகிறான், காலையில் ஒரு மணிநேரம் விறைப்பு, நடந்தால் குறைகிறது. விற்றமின் டி 11. எட்டு வாரக் குளிசை முடிந்தும் மாற்றமில்லை.

பதில்: மாறாதது வியப்பில்லை. சாதாரண நாரிநோ ஓய்வெடுத்தால் குறையும், வேலைசெய்தால் கூடும். இவருக்குத் தலைகீழாக இருக்கிறது. நாற்பதுக்குக் கீழ் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, இரவின் பின்பாதியில் எழுப்பி, காலையில் அரைமணிக்கு மேல் விறைத்து, அசைந்தால் தணியும் நோ என்றால் முள்ளந்தண்டு அழற்சி வாதத்தை நினைக்க வேண்டும். கண் சிவந்து நொந்ததா, குதிக்கால் நொந்ததா, தோலில் செதில் படை உண்டா, குடும்பத்தில் யாருக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டு எழுதிவையுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்றே பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதைக் காட்டி ஒன்றுமில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். வாதநோய் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். சீஆர்பி (அழற்சியைக் காட்டுவது), எச்எல்ஏ பி27 (மரபணுக் குறி) இரத்தப் பரிசோதனைகளும், முள்ளந்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுகளின் எம்ஆர்ஐயும் அங்கே தீர்மானிப்பார்கள். 11 என்பது சரிசெய்ய வேண்டிய அளவு, அதற்கான குளிசையைத் தொடரட்டும். கிளினிக் நாள் வரும்வரை தினமும் நீட்டி மடக்கும் பயிற்சியும் நடையும் செய்யலாம். புகைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள், இந்த நோயில் முள்ளந்தண்டு விறைத்து ஒட்டுவதைப் புகைத்தல் வேகப்படுத்தும்.